செப்புச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற நீலக் கற்கள்

உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி

இரசாயன ஆய்வுகூடத்தில் செப்புச் சல்பேற்றுப் பளிங்கைக் காணாத விஞ்ஞான மாணவி இருக்க முடியாது. வீட்டுப் பெரியவர்கள் மயில்துத்தம் என்று சொல்வதும் அதையே. அந்த நீலப் பளிங்கைச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்கினால் நீர் வெளியேறி வெள்ளைப் பொடி மிஞ்சும். ஆறிய பின் ஒரு துளி நீர் விட்டால் நீலம் திரும்பி வரும். செப்பு அயனைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் அமைந்திருக்கும் விதமே அந்த நிறத்துக்குக் காரணம் என்று படிக்கிறோம்.

நாம் போத்தலில் வாங்கி வைத்திருக்கும் இத்தகைய சேர்வைகளை இயற்கை மண்ணுக்கடியில் தானாகவே செய்து வைத்திருக்கிறது. பாறை வெடிப்புகளுக்குள் செப்பும் ஒட்சிசனும் நீரும் வேறு சில மூலகங்களும் சேர்ந்து நீலமும் பச்சையுமாகப் பளிங்காகியுள்ளன. இவற்றுள் சில, உலகில் ஒரேயொரு சுரங்கத்தில் மாத்திரமே சிறப்பாகக் கிடைத்தவை. அந்தச் சுரங்கமோ இன்று இல்லை. அங்கிருந்து எடுத்துப் பாதுகாக்கப்பட்ட கற்களே எஞ்சியுள்ளன. அவற்றைப் பற்றியும் அவற்றைச் சேகரித்தவர்களைப் பற்றியும் நான் அறிந்துகொண்டவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

கோர்ன்வால்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலப்பகுதியே கோர்ன்வால் ஆகும். ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியின் அடியில் உருகிய கற்குழம்பு மேலெழுந்து, மெதுவாக ஆறிக் கருங்கல்லாக இறுகியது. அது ஆறும்போது உண்டான வெடிப்புகளின் ஊடாகச் சூடான கரைசல்கள் ஏறி வந்தன. அவை கொண்டு வந்த வெள்ளீயம், செப்பு, ஆசனிக்கு முதலியவை வெடிப்புகளின் சுவர்களில் படிந்து தாது நரம்புகளாயின.

அங்கு வெள்ளீயம் பண்டைக் காலந்தொட்டே எடுக்கப்பட்டு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் நீரை இறைக்க நீராவி இயந்திரங்கள் வந்த பிறகு சுரங்கங்கள் ஆழமாகின; செப்பு முதன்மை பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் செப்பு உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்கு கோர்ன்வாலும் அதனை அடுத்த மேற்கு டெவனும் சேர்ந்த பிரதேசத்திலிருந்தே கிடைத்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு நாடுகளில் பெரிய செப்புச் சுரங்கங்கள் தோன்ற, விலை வீழ்ந்தது. கோர்ன்வால் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளர்கள் அவுஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் புலம்பெயர்ந்தனர். இயந்திர வீடுகளின் உயர்ந்த புகைபோக்கிகள் மாத்திரம் மேட்டு நிலங்களில் நின்றன. 2006ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அந்நிலப்பரப்பை உலக மரபுரிமையாகப் பிரகடனம் செய்தது.

நீலமும் பச்சையும் உண்டாகும் விதம்

பூமியின் ஆழத்தில் செப்பு பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்தே இருக்கும். கல்கோபைரைட்டு எனப்படும் செப்பு இரும்புச் சல்பைட்டு இதற்கு எடுத்துக்காட்டு. பித்தளை போல மஞ்சளாக மினுங்கும் இது சுரங்க முதலாளிக்கு இலாபம் தந்த தாது. இதில் நாம் தேடும் நீலம் இல்லை.

மேற்பரப்புக்கு அண்மையில் நிலைமை வேறு. மழைநீர் வளியிலுள்ள ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகளில் இறங்குகிறது. சல்பைட்டுகள் ஒட்சியேற்றம் அடைகின்றன. இரும்பு துருவாக மாறி மேலே செந்நிறத் தொப்பி போலத் தங்கிவிட, செப்பு கரைசலாகிக் கீழே இறங்குகிறது. வழியில் எதைச் சந்திக்கிறதோ அதனோடு சேர்ந்து புதிய கனியமாகிறது. காபனேற்றைச் சந்தித்தால் பச்சை மலகைட்டு அல்லது நீல அசுரைட்டு. ஒட்சிசனோடு மாத்திரம் நின்றால் சிவந்த கியூப்பிரைட்டு.

கோர்ன்வாலில் செப்போடு ஆசனிக்குத் தாதும் கலந்திருந்தது. ஆகவே அங்கு ஒட்சியேற்றத்தின்போது செப்பு ஆசனேற்றுகள் உண்டாயின. அவை நிறத்திலும் வடிவிலும் பல வகையின. ஒலிவ் காயின் நிறத்தில் ஒலிவனைட்டு. கடும் நீலத்தில் கிளினோகிளேஸ். மரகதப் பச்சை நிற மெல்லிய தகடுகளாகக் கல்கோபிலைட்டு. கிரேக்க மொழியில் செப்பு, இலை என்னும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது. கோர்ன்வாலின் பெயரையே தாங்கிய கோர்ன்வாலைட்டும் உண்டு.

இவை எல்லாவற்றிலும் சேகரிப்பாளர்கள் மிக விரும்புவது லிரோகோனைட்டு. செப்பும் அலுமினியமும் சேர்ந்த நீரேற்றிய ஆசனேற்று இது. வானத்தின் நீலத்தில் தட்டையான சிறு பளிங்குகளாகக் காணப்படும். பீங்கானில் உரைத்தால் விழும் பொடி வெளிறியிருக்கும். வெளிறிய பொடி என்ற பொருளிலேயே அதற்குப் பெயர் இடப்பட்டது. மோவின் அளவுத்திட்டத்தில் அதன் கடினத்தன்மை 2 முதல் 2.5 வரை. அதாவது விரல் நகமே கீறிவிடக்கூடிய கல். உலகின் மிகச் சிறந்த லிரோகோனைட்டுகள் கோர்ன்வாலில் உள்ள வீல் கோர்லன்ட் என்னும் ஒரு சுரங்கத்திலிருந்து வந்தவை. (கோர்னிஷ் மொழியில் வீல் என்பது சுரங்கத்தைக் குறிக்கும். ஆகவே அங்குள்ள பல சுரங்கங்களின் பெயர் அப்படியே தொடங்கும்.)

இந்த அரிய கனியங்கள் உண்டாவது மேற்பரப்புக்கு அண்மையில் மாத்திரமே. சுரங்கம் தோண்டுவோரோ மேலிருந்து கீழாகவே தோண்டுவர். எனவே ஒரு சுரங்கத்தின் ஆரம்ப ஆண்டுகளிலேயே இவை வெளிப்பட்டுத் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஆழத்திலிருந்து சல்பைட்டுத் தாதுதான் வரும். வீல் கோர்லன்டில் ஆசனேற்றுகள் மிகுதியாகக் கிடைத்தது 1790களில். அந்தச் சில ஆண்டுகளில் யாராவது எடுத்து வைத்திருக்காவிட்டால் அவை அத்தோடு போயிருக்கும்.

உலைக்குப் போகாமல் தப்பியவை

எங்கே போயிருக்கும் என்று கேட்கலாம். கோர்ன்வாலில் நிலக்கரி இல்லை. அதனால் செப்புத் தாது கப்பலேறி, நிலக்கரி நிறைந்த வேல்ஸ் நாட்டின் சுவான்சி துறைமுகத்துக்குச் சென்றது. அங்குள்ள உலைகளில் உருக்கப்பட்டுச் செப்பாயிற்று. அழகிய பளிங்கு என்றோ, இதுவரை எவரும் காணாத கனியம் என்றோ உலைக்குத் தெரியாது. உள்ளே போனது எல்லாம் உருகியது.

அதைத் தடுத்தவர்கள் முதலில் சுரங்கத் தொழிலாளர்களே. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாறைக் குழியொன்றில் நீலம் தெரிந்தால் அதைப் பத்திரமாகப் பெயர்த்து வைத்துக்கொள்வார்கள். கல் வாங்கும் வியாபாரிகளும் கனவான்களும் இருந்தார்கள். வறிய தொழிலாளிக்கு அது ஒரு மேலதிக வருமானம். இன்று நூதனசாலைக் கண்ணாடிப் பேழையில் நாம் காணும் ஒவ்வொரு கல்லும், எப்போதோ ஒருவர் இதை உலைக்கு அனுப்ப வேண்டாம் என்று தீர்மானித்ததால் தப்பியது.

சுத்தியல் பிடித்த பெண்பிள்ளைகள்

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது. கோர்ன்வால் சுரங்கங்களின் உள்ளே பெண்கள் இறங்கியதில்லை. ஆனால் மேலே வந்த தாதை உடைத்துத் தரம் பிரித்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளுமே. அவர்களுக்கு பல் மெய்டன் என்று பெயர். இந்தப் பல் நமது வாயில் இருக்கும் பல் அல்ல. கோர்னிஷ் மொழியில் சுரங்கம் நடக்கும் இடம்.

பத்துப் பன்னிரண்டு வயதிலேயே அவர்கள் வேலைக்கு வந்தார்கள். பெரிய பாறைத் துண்டுகளை நீண்ட பிடியுள்ள சுத்தியலால் பிளப்பது ஒரு வேலை. பிளந்ததைச் சிறிய சுத்தியலால் தட்டி, தாது வேறு வெறுங்கல் வேறாகப் பிரிப்பது அடுத்த வேலை. இரும்புப் பலகையில் வைத்துத் தட்டைச் சுத்தியலால் பொடியாக்குவது மூன்றாவது வேலை. வெயிலும் தெறிக்கும் கற்சில்லும் முகத்தில் படாதிருக்க முகத்தை மூடும் வெண்ணிறத் துணித் தொப்பி அணிந்தார்கள். கைகளையும் கால்களையும் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள்.

செப்புத் தாதைக் கண்ணால் பார்த்துத் தரம் அறியும் திறமை அவர்களுக்கு இருந்தது. நாங்கள் வகுப்பறையில் புத்தகத்தைப் பார்த்துக் கற்பதை, எங்களிலும் இளைய பிள்ளைகள் கல்லைப் பார்த்துக் கற்றார்கள். ஆயினும் நூதனசாலைச் சீட்டுகளில் கல்லை வாங்கியவரின் பெயர் இருக்கும். விற்றவரின் பெயரும் சில வேளைகளில் இருக்கும். கல்லை உடைத்த பெண்ணின் பெயரை நான் வாசித்த எதிலும் காணவில்லை.

சேகரித்தவர்களும் ஆராய்ந்தவர்களும்

கோர்ன்வால் சேகரிப்பாளர்களில் முன்னோடி பிலிப் ரஷ்லி (1729–1811). பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த செல்வந்தர். தமது பகுதிச் சுரங்கங்களில் கிடைத்த கற்களை வாங்கிச் சேர்த்ததோடு நில்லாமல் அவற்றை வர்ணத்தில் வரைவித்து, 1797இலும் 1802இலும் இரு பாகங்களாக நூல் வெளியிட்டார். புகைப்படம் தோன்றாத காலத்தில் ஒரு கல்லின் தோற்றத்தைத் தூர நாட்டவருக்குக் காட்ட அதுவே வழி. அவரது சேகரிப்பின் பெரும் பகுதி இன்று துரூரோ நகரிலுள்ள கோர்ன்வால் அரச நூதனசாலையில் இருக்கிறது.

சேகரித்தால் மாத்திரம் போதாது, ஆராயவும் வேண்டும். பிரான்சியப் புரட்சியின் பின்னர் நாட்டை விட்டு இங்கிலாந்துக்கு வந்த டி போர்னோன் பிரபு, கோர்ன்வால் ஆசனேற்றுகளின் பளிங்கு வடிவங்களை 1801இல் விவரித்தார். அதே ஆண்டில் அயர்லாந்து இரசாயனவியலாளர் ரிச்சர்ட் செனவிக்ஸ் அவற்றின் இரசாயன அமைப்பைப் பகுத்தாய்ந்து எழுதினார். வடிவமும் அமைப்பும் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டன. இருவரின் பெயரிலும் இன்று கனியங்கள் உள்ளன.

20ஆம் நூற்றாண்டில் பெரும் பணி செய்தவர் சேர் ஆதர் ரசல் (1878–1964). சிறு வயதிலேயே சேகரிக்கத் தொடங்கிய அவர் பிரித்தானியாவின் சுரங்கங்களுக்குத் தாமே சென்று இறங்கினார். பழைய சேகரிப்புகள் சிதறிப் போகும் நிலையில் அவற்றை வாங்கி, அவற்றோடு வந்த பழைய சீட்டுகளையும் வீசாமல் காத்தார். 12,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் அடங்கிய அவரது சேகரிப்பு, அவரது விருப்பப்படி இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குச் சேர்ந்தது.

சீட்டு ஏன் முக்கியம்?

கனிய மாதிரி என்பது கல் மாத்திரம் அல்ல. கல்லும் அதனோடு உள்ள சீட்டும் சேர்ந்ததே மாதிரி. கனியத்தின் பெயர், சுரங்கத்தின் பெயர், ஊர், எடுத்த காலம், யாரிடமிருந்து வந்தது என்ற விபரங்கள் அதில் இருக்கும். கனியத்தின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தால் பின்னர் ஒருவர் பரிசோதித்துத் திருத்தலாம். கிடைத்த இடத்தின் பெயர் தொலைந்தால் அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

தொலைவதைவிடக் கேடானது பொய் எழுதுவது. இதற்கு ஒரு வருந்தத்தக்க உதாரணம் உண்டு. ஆதர் கிங்ஸ்பரி (1906–1968) என்பவர் பிரித்தானியாவின் மிகத் திறமையான கனியச் சேகரிப்பாளர்களில் ஒருவராகக் கருதப்பட்டார். வேறு எவருக்கும் கிடைக்காத அரிய கனியங்கள் பிரித்தானிய இடங்களில் தமக்குக் கிடைத்ததாக அறிவித்தார். அவை நூல்களிலும் இடம்பெற்றன. அவரது சேகரிப்பும் இலண்டன் நூதனசாலைக்கே வந்தது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அதனை மீண்டும் பரிசோதித்து 1998இல் தமது முடிவை வெளியிட்டார்கள்: அக்கற்களில் பல, சீட்டில் எழுதப்பட்ட இடங்களைச் சேர்ந்தவை அல்ல, வேறிடங்களிலிருந்து வந்தவை.

கற்கள் உண்மையானவை. சீட்டுகளே பொய். ஆனால் சில சீட்டுகள் பொய்யானதும், அவர் நேர்மையாக எழுதியிருக்கக்கூடிய மற்றச் சீட்டுகளையும் நம்ப முடியாமற் போயிற்று. பரீட்சை மண்டபத்தில் செய்முறை அறிக்கையின் வாசிப்புகளை நண்பியிடம் பார்த்து எழுத நினைப்பவர்கள் இதை ஒரு கணம் யோசிக்கலாம். ஆய்வுகூடத்தில் நாம் எழுதும் ஒவ்வோர் எண்ணும் ஒரு சீட்டுத்தான்.

220 ஆண்டுகள் காத்திருந்த கனியம்

நேர்மையான சீட்டின் பயனுக்கும் அதே நூதனசாலையிலேயே உதாரணம் இருக்கிறது. வீல் கோர்லன்ட் சுரங்கத்தில் ஏறத்தாழ 220 ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட லிரோகோனைட்டு மாதிரியொன்று அங்கே இருந்தது. வழக்கமான வான நீலம் இன்றி அதன் ஒரு பகுதி கரும் பச்சையாக இருந்தது. லிரோகோனைட்டின் ஒரு நிற வேறுபாடு என்றே பல தலைமுறையினர் எண்ணினர்.

மைக் ரம்சி தலைமையிலான குழுவினர் அதை இக்காலக் கருவிகளால் ஆராய்ந்தனர். லிரோகோனைட்டில் அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தை அந்தப் பச்சைப் பளிங்கில் இரும்பு பிடித்திருந்தது. ஆகவே அது தனியொரு கனியம். 2020ஆம் ஆண்டில் அது புதிய கனியமாக அறிவிக்கப்பட்டது. கோர்ன்வாலைக் கோர்னிஷ் மொழியில் கேர்னோ என்பர். அதன்படி கேர்னோவைட்டு என்று பெயர் சூட்டினார்கள்.

அச்சுரங்கம் 1909இல் மூடப்பட்டது. இடிக்கப்பட்டு, இன்று அவ்விடத்தில் குடியிருப்பு வீடுகள் உள்ளன. மீண்டும் போய்த் தோண்டிப் பார்க்க முடியாது. 1790களில் அந்தப் பச்சைக் கல்லை எடுத்து வைத்தவருக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ளும் கருவியும் அன்று இல்லை. எங்கே கிடைத்தது என்பதை மாத்திரம் உண்மையாக எழுதி வைத்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

எங்கள் நாட்டுக் கல்லும் அப்படித்தான்

இதைப் போன்ற சம்பவம் இலங்கைக் கல்லுக்கும் நேர்ந்திருக்கிறது. எங்கள் நாட்டு மாணிக்கக் கற்படிவுகளில் கிடைத்த மண்ணிறக் கல்லொன்று நெடுங்காலமாக ஒலிவின் வகை என்றே விற்கப்பட்டு வந்தது. அதே இலண்டன் நூதனசாலையின் விஞ்ஞானிகள் 1952இல் அதை ஆராய்ந்தபோது, அது மகனீசியமும் அலுமினியமும் போரனும் சேர்ந்த முற்றிலும் வேறான கனியம் எனத் தெரிந்தது. இந்நாட்டின் பெயரால் அதைச் சிங்கலைட்டு என்றனர். அதற்கு முன்னரே, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் முதலாவது பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, தோரியனைட்டு என்னும் கனியத்தை இங்கே இனங்கண்டிருந்தார். கலை வரலாற்று அறிஞராக நாம் அறிந்தவர் தொழிலைத் தொடங்கியது கனியவியலாளராகவே.

செப்புக்கும் இங்கே இடமுண்டு. திருகோணமலை மாவட்டத்தின் சேருவிலவில் செப்பும் இரும்புக் காந்தத் தாதும் சேர்ந்த படிவு 1971இல் கண்டறியப்பட்டது.

தொடங்க விரும்புவோருக்கு

அரிய செப்புக் கனியங்கள் எமக்குக் கிடைக்காமற் போகலாம். ஆனால் சேகரிக்கும் முறையை எந்தக் கல்லிலும் பழகலாம். புல்மோட்டைக் கரையின் கறுத்த இல்மனைட்டு மணல், போகலைச் சுரங்கம் புகழ்பெற்ற காரீயம், எப்பாவலையின் அப்பத்தைற்று, வீதியோரக் கல்லுடைக்கும் இடங்களில் கிடைக்கும் படிகமும் மைக்காவும் எனப் பல உள்ளன. சில விதிகளைக் கைக்கொண்டால் போதும்.

முதலாவது, உரிமையாளரின் அனுமதியின்றி எங்கும் எதையும் எடுக்கக் கூடாது. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளுக்குள் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. நச்சு வளியும் இடிந்து விழும் பாறையும் அங்கே உண்டு. பெற்றோர் ஒருவருடன் செல்வதே நல்லது.

இரண்டாவது, கல்லை எடுத்த இடத்திலேயே சீட்டை எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் எது எங்கே எடுத்தது என்பது மாறிப்போகும். திகதி, ஊர், எடுத்தவர் பெயர் ஆகியன அவசியம். கனியத்தின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். கல்லில் ஒரு மூலையில் இலக்கமிட்டு, அதே இலக்கத்தைக் கொப்பியிலும் பதிய வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு கல்லின் குணத்தையும் அறிந்து பேண வேண்டும். கியூப்பிரைட்டு நீண்ட நேரம் வெளிச்சத்தில் இருந்தால் கறுத்துவிடும். இயற்கைச் செப்புச் சல்பேற்று நீரில் கரையும். ஆசனேற்றுகளில் ஆசனிக்கு இருப்பதால் பொடியாக்கவோ சூடாக்கவோ கூடாது. தொட்ட பின் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கடற்கரையிலிருந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் குப்பை என்று வீசிவிடாதீர்கள். ஒரு பழைய பிஸ்கட் தகரப் பெட்டியும் சில காகிதத் துண்டுகளும் கொடுங்கள். எமது சமூகத்தில் மாணிக்க வியாபாரம் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் குடும்பங்கள் பேருவளையிலும் வேறு ஊர்களிலும் உள்ளன. கல்லை ஒளியில் பிடித்துப் பார்த்து அதன் இனத்தைச் சொல்லும் வாப்பாமாரும் மூத்தாப்பாமாரும் இருக்கிறார்கள். அந்த அறிவு ஆண்பிள்ளைகளோடு நின்றுவிடாமல் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லித் தரப்பட வேண்டும். எழுதியும் வைக்கப்பட வேண்டும். அன்று கல்லுடைத்த சிறுமிகளுக்குக் கல்லைத் தெரியும். தாம் அறிந்ததைத் தமது பெயரில் எழுதி வைக்கும் வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை. எங்களுக்கு அது கிடைத்திருக்கிறது. இன்று நாம் உண்மையாக எழுதி வைக்கும் ஒரு சீட்டு, எங்களுக்கு விளங்காத ஒன்றை நாளை வேறொரு மாணவிக்கு விளங்கச் செய்யலாம்.